தொண்ணூறு நாள் ஓய்வு

காணாமல் போன மூன்றாம் நாள், ஆறுச்சாமி பாலக்காட்டுக்கு அப்பால் ஒரு பெட்ரோல் பங்க்கில் உட்கார்ந்திருப்பதாகத் தகவல் வந்தது. கோவையிலிருந்து அவ்வளவு தூரமும் நடந்தே போயிருந்தார். செருப்பு இரண்டும் கிழிந்திருந்தனவே தவிர ஆளுக்குக் களைப்பு என்று ஒன்றும் இல்லை. போலீஸ்காரர் பேரைக் கேட்டபோது சற்று யோசித்துவிட்டு, "அது ஊட்ல இருக்குதுங்க" என்றாராம்.

அவருக்கு வயது எழுபத்து மூன்று. பார்வைக்கு நாற்பத்தைந்துதான் மதிக்கலாம். அவர் வயதுக்காரர்கள் எல்லாருமே அப்போது அப்படித்தான் இருந்தார்கள். உடல் மீட்பு ஊசி வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. வயதாக ஆக, நம் உடம்பில் சில உயிரணுக்கள் வேலையை நிறுத்திவிடும், ஆனால் சாகாது. சும்மா உட்கார்ந்துகொண்டு பக்கத்திலிருப்பவற்றையும் கெடுக்கும். அவற்றின் வயதைப் பின்னுக்குத் திருப்பும் மரபணுக் கட்டளைகளை, கெடுதல் செய்யாத ஒரு வைரஸின் முதுகில் ஏற்றி ரத்தத்தில் விட்டார்கள். முட்டி, இதயம், ஈரல், தோல் எல்லாம் தேறின. அறுபத்தைந்து முடிந்தால் அரசு மருத்துவமனையிலேயே போட்டுவிடுவார்கள்.

மூளைக்கு மட்டும் அந்த வைரஸ் போய்ச் சேரவில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இயற்கை ஒரு மதிலைக் கட்டிவைத்திருக்கிறது. வைரஸ் அதைத் தாண்டவில்லை. அதனால் உடம்புக்கு ஒரு வயது, மூளைக்கு ஒரு வயது என்று ஆகிப்போனது. முன்பெல்லாம் நினைவு தப்பியவர்களுக்கு உடம்பும் தளர்ந்திருக்கும். கையைப் பிடித்து உட்கார வைத்துவிடலாம். இப்போது அவர்கள் பூட்டை உடைத்தார்கள், சுவர் ஏறிக் குதித்தார்கள், அடையாளம் தெரியாத மனைவியைத் திருடி என்று நினைத்துத் தள்ளிவிட்டார்கள். ருக்குமணியின் இடது மணிக்கட்டு அப்படித்தான் ஒருமுறை முறிந்தது.

பாலக்காட்டிலிருந்து கணவரை அழைத்துவந்த வாரமே ருக்குமணி, தொண்டாமுத்தூர் சாலையில் இருந்த மூளை மூப்பு ஆய்வு மையத்துக்கு வந்தார். அந்த மையத்தின் தலைவி டாக்டர் தேனரசிக்கு நாற்பத்தெட்டு வயது. மதிலைத் தாண்டும் புதிய வைரஸ் ஒன்றை அவருடைய குழு உருவாக்கியிருந்தது. முதல் முறையாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க இருபத்து நாலு பேரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க டாக்டரம்மா, ஊசி போட்டா என்னைய அடையாளம் தெரியுமுங்களா?"

"தெரியும்னு சத்தியம் பண்ண முடியாதும்மா. எலிகள்ல நல்லா வேலை செஞ்சிருக்கு."

"எலி பொண்டாட்டிய அடையாளம் கண்டுதுங்களா?"

தேனரசி சிரித்துவிட்டார். "வழியக் கண்டுபிடிச்சுது. மறந்துபோன வழிய."

"அது போதுமுங்க. இவரு ஊட்டுக்கு வர்ற வழியக் கண்டுபிடிச்சாப் போதும்."

ஒரு நிபந்தனை இருந்தது. ஊசி போட்ட பிறகு தொண்ணூறு நாள் முழு ஓய்வு. டிவி கிடையாது, செய்தித்தாள் கிடையாது, போன் கிடையாது, புது ஆட்களோடு பேச்சு கிடையாது. காலையில் அதே நடை, அதே சாப்பாடு, அதே தூக்கம். புதிதாக இளமையான நரம்பணுக்கள் பச்சைக் குழந்தை மாதிரி. அதிகம் தூண்டிவிட்டால் வலிப்பு வரலாம் என்று தேனரசி அஞ்சினார். அந்த விதியைத் தன் கையாலேயே எழுதினார். துப்புரவுப் பணியாளர்கள் நோயாளிகளிடம் வாய் திறந்தால் அன்றே வேலை போய்விடும் என்பதும் அதில் ஒரு வரி.

பத்தொன்பதாம் நாள் காலையில் ருக்குமணி கணவருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். வெளியே மொட்டைமாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது. ஆறுச்சாமி மெல்லுவதை நிறுத்தினார்.

"ருக்கு, தொட்டி வழியுது பாரு. மோட்டார நிறுத்தச் சொல்லு."

அந்தப் பேரை அவர் சொல்லி நாலு வருடம் ஆகியிருந்தது. ருக்குமணி கையில் இட்லித் துண்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய், மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து, மீதி இட்லியை ஊட்டினார். அழுதது அதற்கப்புறம்தான்.

அறுபதாம் நாளுக்குள் இருபத்து நாலு பேருமே தெளிந்துவிட்டார்கள். பிள்ளைகள் பேர், தெருவின் பேர், இன்று என்ன கிழமை, எல்லாம் சொன்னார்கள். வலிப்பு ஒருவருக்கும் வரவில்லை. எந்த உறவினரும் எந்த விதியையும் மீறவில்லை. ருக்குமணி எல்லாரையும்விடக் கண்டிப்பு. பக்கத்து அறைக்காரர் ஆறுச்சாமியிடம் ஊர் கேட்டதற்கே சண்டைக்குப் போனார்.

எழுபதாம் நாளிலிருந்து இறங்கத் தொடங்கியது. முதலில் கிழமை போனது. அப்புறம் பேர்கள். வாரம் ஒருமுறை எடுக்கும் மூளைப் படத்தில், புதிதாகத் துளிர்த்த நரம்பு இணைப்புகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவது தெரிந்தது. எண்பத்தெட்டாம் நாள் ஆறுச்சாமி மனைவியைப் பார்த்து, "யாருங்க நீங்க? மோட்டார் ரிப்பேருக்கு வந்தீங்களா?" என்றார்.

திரும்ப ஊசி போடவும் வழியில்லை. உடம்பு அந்த வைரஸை அடையாளம் கண்டுகொண்டுவிட்டது. மறுபடி வந்தால் வாசலிலேயே கொன்றுவிடும்.

தொண்ணூறாம் நாள் பிற்பகலில், புள்ளிவிவரங்களைப் பார்த்துக்கொள்ளும் ரிஸ்வான் கணினியை தேனரசி பக்கம் திருப்பினான். மேலப்பாளையத்துக்காரன், முப்பத்து நாலு வயது. தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டான்.

"இருபத்து மூணு பேரும் பழைய இடத்துக்கே வந்துட்டாங்க, மேடம்."

"இருபத்து நாலு."

"இருபத்து மூணு. பதினேழாம் நம்பர் இறங்கல. போன வாரத்தைவிட ஏறியிருக்காங்க. மெஷின் கோளாறா இருக்கும்னு ரெண்டு தடவை எடுத்துப் பாத்தேன். கோளாறு இல்ல."

பதினேழாம் நம்பர் மயிலாத்தாள். எழுபத்தொரு வயது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், தொழிற்சங்கத்தில் இருந்தவர். மணமாகாதவர். தங்கை மகன் கொண்டுவந்து சேர்த்திருந்தான். மரபணுவில் ஏதாவது தனித்தன்மை இருக்குமா, சாப்பாட்டில் வித்தியாசமா என்று யோசித்துக்கொண்டே தேனரசி மறுநாள் காலை மயிலாத்தாளின் அறைக்குப் போனார். முன்வாசல் வழியே போனால் நர்ஸ்கள் எழுந்து நிற்பார்கள் என்று சமையலறைப் பக்கமாகப் போனார்.

அறைக்குள் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழ் இல்லை. இந்தியும் இல்லை. வேகமாக, நடுநடுவே சிரித்துக்கொண்டு பேசினார்கள். துப்புரவுப் பெண்கள் இருவர் போலிருக்கிறது, மயிலாத்தாள் எங்கே என்று நினைத்தபடி கதவைத் தள்ளினார். ஒருத்தி ஜமுனா, ஒடிசாவிலிருந்து வந்து இங்கே தரை துடைப்பவள். இன்னொருவர் மயிலாத்தாள். மடியில் ஒரு நோட்டு விரிந்திருந்தது. பக்கம் முழுக்க வட்ட வட்டமாக எழுத்துகள்.

ஜமுனா சட்டென்று எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். "மேடம், நான் பேசக்கூடாது, தெரியும். மாவுசி கூப்பிட்டது," என்று சித்தியைக் காட்டுவதுபோல் மயிலாத்தாளைக் காட்டினாள்.

"நாந்தான் கூப்பிட்டேன்," என்றார் மயிலாத்தாள். "உக்காரு அம்மிணி. கண்ணால பாத்தாச்சு, இனி ஒளிச்சு என்ன பண்றது? இவள மட்டும் வேலைய விட்டுத் தூக்கிராத. தப்பு என்னுது."

"என்ன பாஷை பேசிட்டிருந்தீங்க?"

"ஒடியா."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எங்க தெரியும்? இங்க வந்து இருவத்தாறாம் நாள் தொடங்குனது. இந்தப் புள்ள அந்தச் சந்துல துடைக்கிற குச்சியப் புடிச்சுட்டு நின்னு அழுதுட்டிருந்துச்சு. ஏனாயா அழுவறேன்னு கேட்டேன். 'பையன், காச்சல், தூரம்'னு மூணு வார்த்தை சொல்லுச்சு. மேல கேக்க எனக்கு வார்த்தை இல்ல. மூளை தெளிஞ்சு என்ன பிரயோசனம்னு ஆயிருச்சு."

தேனரசி நோட்டை எடுத்துப் புரட்டினார். முதல் பக்கங்களில் எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன. போகப் போகச் சீராகி, கடைசிப் பக்கத்தில் ஒரு கடிதமே இருந்தது.

"இது யாருக்கு?"

"இவ மாமியாருக்கு. இவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேச்சு இவ சொல்லிக்குடுத்தா. எழுத்து, பினாயில் டப்பாவுல பல பாஷையில ஒட்டியிருந்த காயிதத்துல இருந்து ஆரம்பிச்சு, அவ ரூம்ல இருக்கற இன்னொரு புள்ளகிட்ட எழுதி வாங்கிட்டு வரச் சொன்னேன்." மயிலாத்தாள் நோட்டை வாங்கி மூடினார். "இன்னொன்னும் இருக்குது அம்மிணி. மில்லுல கடைசிக் காலத்துல இவுங்க ஊர்ப் புள்ளைங்கள லாரி லாரியாக் கொண்டாந்து எறக்குனாங்க. எங்க வேலையப் புடுங்க வந்தவங்கன்னு மில்லு வாசல்ல கொடி புடிச்சு நின்னவ நானு. அவுங்கள்ல ஒருத்திகிட்டக்கூட ஒரு வார்த்தை பேசுனதில்ல. அது உறுத்திட்டே கெடந்துச்சு. மூளை தெளிஞ்சா இதெல்லாமும் சேந்துதான் தெளியுமாட்ட இருக்குது."

தேனரசி நேராக ரிஸ்வானிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவன் எலிச் சோதனைப் பதிவுகளைத் திறந்து பார்த்தான். பிறகு, "எலிகள்ல நினைவு ஏன் நிலைச்சு நின்னுச்சுன்னு இப்பத் தெரியுது, மேடம்," என்றான்.

"சொல்லு."

"எலிக்கு நினைவு வந்திருக்கான்னு எப்படிச் சோதிச்சோம்? வாரா வாரம் புதுசு புதுசாச் சிக்குவழி போட்டு ஓட விட்டோம். சோதனைன்னு நினைச்சுக்கிட்டு பாடம் நடத்தியிருக்கோம். மனுஷங்கள ஓய்வெடுக்கட்டும்னு படம் மட்டும் எடுத்தோம். புது இணைப்புக்கு வேலை குடுக்கலைன்னா, மூளை அத வேண்டாத செடின்னு பிடுங்கிப் போட்டுடுது."

தேனரசி நாற்காலியில் சாய்ந்தார். இருபத்து மூன்று பேரை சும்மா இருங்கள் என்று சொல்லி உட்கார வைத்தது அவர்தான். அவர்கள் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். அதுதான் அவர்கள் செய்த குற்றம்.

ரிஸ்வான் தயங்கித் தயங்கி அடுத்ததைச் சொன்னான். "அறிக்கையில எப்படி எழுதறது? பதினேழாம் நம்பர் விதிய மீறினவங்கன்னு எழுதினா, சட்டப்படி அவங்கள ஆய்வுல இருந்தே நீக்கணும். அப்புறம் இருபத்து மூணுல இருபத்து மூணும் தோல்வி. மையத்தை மூடச் சொல்லிடுவாங்க. எழுதாம விட்டா, ஒருத்தருக்கு நினைவு நின்னிருக்கு, காரணம் ஆராயணும்னு சொல்லி இன்னொரு அனுமதி வாங்கலாம்."

"வாங்கி? அதே விதியோட இன்னும் இருபத்து நாலு பேர உக்கார வைக்கறதா?"

"விதிய நாமளே மெதுவா மாத்திக்கலாம்."

"ஏன் மாத்தினேன்னு கேட்டா, அந்த அம்மாவோட பேர மறைச்சுட்டு என்ன சொல்லுவேன்? எனக்குக் கனவுல வந்துச்சுன்னா? எழுது ரிஸ்வான். உள்ளத எழுது. விதிய எழுதினது யாருன்னும் எழுது."

சென்னையில் நெறிமுறைக் குழு கூடியது. தலைவர் பத்மாசனி, ஓய்வுபெற்ற நீதிபதி. அறிக்கையை வரி வரியாகப் படித்திருந்தார். மயிலாத்தாளும் ஜமுனாவும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜமுனா ரயில் ஏறும்போதே ஊருக்குத் திரும்பிப் போகத் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஒரு நோயாளி, ஒரு நோட்டு. இதை வைத்து நாங்கள் என்ன முடிவு செய்ய முடியும் டாக்டர்?" என்றார் பத்மாசனி. "இவருக்கு இந்த மொழி ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். ஒடிசாத் தொழிலாளர்கள் இருந்த ஆலையில்தானே வேலை பார்த்திருக்கிறார்?"

குழுவில் ஒடிசாக்காரர் ஒருவர் இருந்தார். டாக்டர் ரௌத், மூளை நரம்பு மருத்துவர். அவர் மயிலாத்தாளைப் பார்த்துத் தன் மொழியில் என்னவோ கேட்டார். மயிலாத்தாள் எழுந்து நின்று பதில் சொன்னார். அவர் இன்னொன்று கேட்டார். பதில் நீளமாக வந்தது. மூன்றாவது கேள்விக்கு மயிலாத்தாள் சொன்ன பதிலைக் கேட்டு ரௌத் வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்களுக்கும் சொல்லுங்கள்," என்றார் பத்மாசனி.

"நன்றாகவே பேசுகிறார். ஆனால் இலக்கணம் குழந்தைகளுடையது. பத்து வருடம் காதில் கேட்டுப் பழகியவர் இந்தத் தப்புகளைச் செய்யமாட்டார். சில மாதம் முன்னால் படிக்கத் தொடங்கியவர்தான் செய்வார்." அவர் மறுபடி சிரித்தார். "எப்போது கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். கற்றுக்கொள்ளக் கூடாது என்று சொன்னபோது என்கிறார்."

பன்னிரண்டு பேருக்கு அனுமதி கிடைத்தது. ஒருவருக்கு வலிப்பு வந்தாலும் நிறுத்திவிட வேண்டும் என்று பத்மாசனி கையெழுத்துக்கு மேலே எழுதினார். மயிலாத்தாளின் பேர் ஆய்விலிருந்து நீக்கப்பட்டது. ஜமுனா மூட்டையோடு கோவைக்கே திரும்பினாள். துடைப்பதற்கு அல்ல, வார்டில் ஒடியா சொல்லிக்கொடுக்க.

அடுத்த வாரம் முழுக்க தேனரசி இருபத்து மூன்று குடும்பங்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பேசினார். சிலர் திட்டினார்கள். ஒருவர் நாற்காலியை உதைத்துவிட்டுப் போனார். ருக்குமணி கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அம்பதாம் நாளு வாக்குல, சும்மா உக்காந்து முதுகு ஒட்டிப்போச்சு, எதாச்சும் குடுன்னு கேட்டாருங்க. இந்த ஜன்னல் கதவப் பிரிச்சு மாட்டறேன்னாரு. நாந்தானுங்க அதட்டி உக்கார வெச்சேன்."

"நீங்க உக்கார வைக்கலம்மா. நான் எழுதி வெச்சேன், நீங்க செஞ்சீங்க."

"இத நீங்க என்கிட்டச் சொல்லாமயே இருந்திருக்கலாமுங்களே."

"இருந்திருக்கலாம்."

ருக்குமணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேல என்ன பண்றதா இருக்கறீங்க?"

"அவர் உடம்புக்குத் தெரியாத வேற வைரஸ் ஒண்ணு உருவாக்கணும். ரெண்டு வருஷம் ஆகும். கூடவும் ஆகலாம்."

"ஆகட்டுமுங்க. ஒடம்பு கல்லாட்ட இருக்குது. இத்தன நாளு அதுதான் எனக்குத் தொந்தரவா இருந்துச்சு. இப்ப அதுதான் காத்துட்டு நிக்கப் போகுது. நீங்க தேடுங்க."

புதிய வார்டு ஆரம்பித்தபோது விதி ஒன்றே ஒன்றுதான்: ஏற்கெனவே தெரிந்த எதையும் செய்யக்கூடாது. ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் தச்சுவேலைக்கு உட்கார்ந்தார். மஞ்சள் வியாபாரி ஒருவர் தவில் கேட்டு வாங்கினார். பக்கத்துக் கட்டடத்திலிருந்து புகார் வந்தது. பொள்ளாச்சியிலிருந்து வந்த ஓர் அம்மாள் வாழ்க்கையில் முதன்முறையாக நீச்சல் உடை அணிந்து தொட்டிக்குள் இறங்கி, முதல் நாள் படியை விட்டுக் கையை எடுக்கவேயில்லை. நாலு பேர் ஜமுனாவிடம் உட்கார்ந்து ஒடியா படித்தார்கள். மயிலாத்தாள் நோயாளியாக இல்லாமல், அழைக்காமலே தினமும் வந்து அவர்களைத் திருத்தினார்.

எழுபதாம் நாள் நெருங்கியபோது தேனரசிக்குச் சோறு இறங்கவில்லை. எழுபத்து ஏழில் படம் எடுத்தார்கள். எண்பத்து நாலில் எடுத்தார்கள். தொண்ணூற்றொன்றாம் நாள் ரிஸ்வான் கணினியைத் திருப்பிக் காட்டாமல் எழுந்து நின்றே சொன்னான்.

"பதினொரு பேர் நிக்கறாங்க, மேடம். நிக்கறது மட்டுமில்ல, ஏறிட்டே போறாங்க. ஒருத்தர்தான் இறங்கினார். அவர் டைபாய்டுல ஒரு மாசம் படுத்துட்டார்." பிறகு முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. அவன் வாப்பாவும் இதே நோயில்தான் போனார் என்பதை தேனரசி அன்றுதான் தெரிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தவை ஊருக்கே தெரியும். ஒன்றரை வருடத்துக்குள் அரசு மருத்துவமனைகளில் கற்றல் வார்டுகள் வந்தன. ஆஸ்பத்திரியிலேயே அதிகச் சத்தம் கேட்கும் இடம் அவைதான். சுற்றுச்சுவர் வைத்த காப்பகங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மனைவிமாருக்கு அடிபடுவது நின்றது. காவல் நிலையங்களில் காணாமல் போன முதியவர்களுக்கென்று வைத்திருந்த தனிப் பிரிவைக் கலைத்தார்கள்.

மாற்று வைரஸ் கிடைக்க இரண்டு வருடம் ஏழு மாதம் ஆயிற்று. முதல் குழுவில் இருவர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மீதி இருபத்தொரு பேருக்கும் ஊசி போட்டார்கள். ஆறுச்சாமி இருபதாம் நாள் தெளிந்தார். பேசினார், எழுத்துக்கூட்டிப் படித்தார், கிழமை சொன்னார். ருக்குமணி உள்ளே வந்ததும் எழுந்து கைகூப்பினார்.

"வாங்க, உக்காருங்க. யாரப் பாக்க வந்தீங்க?"

ருக்குமணி தேனரசியைத் திரும்பிப் பார்த்தார். தேனரசி அவரை வெளியே கூட்டிப்போனார்.

"ரெண்டரை வருஷம் ஆயிடுச்சும்மா. பழச வெச்சிருந்த அணுக்கள் செத்துப்போச்சு. இருக்கற அணுவத்தான் இளசாக்க முடியும், செத்தத எழுப்ப முடியாது. போனது வராது. இனி புதுசா ஏறுறது நிலைக்கும்."

"அம்பத்து மூணு வருசமுங்க," என்றார் ருக்குமணி. மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார்.

அந்த வாரம் ரிஸ்வான் ஆறுச்சாமியிடம் பட்டியலை நீட்டினான். தவில், தச்சு, நீச்சல், ஒடியா, எது வேண்டும்?

ஆறுச்சாமி பட்டியலைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஏனுங்க தம்பி, ஒரு அம்மா தினமும் வர்றாங்க. அவிய என் சம்சாரமுன்னு சொல்றாங்க. பொய் சொல்றவங்களாட்டத் தெரியல. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல. அதப் படிக்கிறனுங்க."

"எத?"

"அவியளத்தான்."

இதை எப்படி அளப்பது என்று ரிஸ்வான் குழம்பினான். கடைசியில் ஒரு வழி செய்தார்கள். தினமும் ஒரு மணி நேரம் ருக்குமணி தன்னைப் பற்றிச் சொல்வார். மறுநாள் காலை ரிஸ்வான் அதிலிருந்து பத்துக் கேள்வி கேட்பான்.

முதல் வாரம் ருக்குமணிக்குச் சொல்ல வரவில்லை. பிறந்த ஊர் காங்கேயம், கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர், கல்யாணம் நடந்த மண்டபம் என்று பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆறுச்சாமி விடவில்லை. "அப்பறம்? சின்ன வயசுல உங்களுக்கு என்ன புடிக்கும்? யாரு மேல கோவம் வரும்?" அவர் தன்னை நீங்க என்று கூப்பிடுவது முதலில் ருக்குமணிக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பிடித்துப்போனது. அவரைக் கேள்வி கேட்டு யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. நாற்பதாம் நாளுக்கு மேல் ஒரு மணி நேரம் போதவில்லை.

ஐம்பத்திரண்டாம் நாள், பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்ததையும், நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்து, சேரவேண்டிய வாரத்தில் கல்யாணம் நிச்சயமானதையும் சொன்னார்.

ஆறுச்சாமி நிமிர்ந்தார். "இத இத்தன வருசத்துல என்கிட்டச் சொன்னதே இல்லீங்களா?"

"நீங்க கேட்டதே இல்லீங்களே."

"பழைய ஆளு சரியில்ல போலிருக்குதே," என்றார் அவர்.

ருக்குமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல மனுசருங்க. மோட்டாருக்குக் காயில் கட்டறதுதான் உலகமுன்னு இருந்தாரு."

"இப்ப எழுவத்தொண்ணு ஆச்சுன்னாலும் ஒடம்பு நல்லாத்தான இருக்குது உங்களுக்கு? இப்பச் சேத்துக்க மாட்டாங்களா?"

"வயசு வரம்பெல்லாம் எடுத்துட்டாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தான். போங்க நீங்க."

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

எழுபதாம் நாள் வந்தது, போனது. படத்தில் ஒரு இணைப்புகூட உதிரவில்லை. தொண்ணூற்றொன்றாம் நாள் காலை, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் கடைசிச் சோதனை. ரிஸ்வான் இந்த முறை ஐம்பது கேள்வி வைத்திருந்தான். தேனரசியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ருக்குமணி காலையில் எங்கோ அவசரமாகப் போயிருந்தார். இன்னும் வந்து சேரவில்லை.

ஆறுச்சாமி நிதானமாகப் பதில் சொன்னார். ருக்குமணி முதன்முதலில் சைக்கிள் ஓட்டி விழுந்த இடம். அவருடைய தம்பி இறந்த வருடம். அவருக்குப் பிடிக்காத காய். மணிக்கட்டு முறிந்தது எப்படி என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் குரல் தாழ்ந்தது. "நாந்தானுங்க தள்ளிவிட்டேன்," என்றார். நாற்பத்தொன்பது கேள்விக்கும் விடை சரி.

"கடைசிக் கேள்விங்க ஐயா," என்றான் ரிஸ்வான். "உங்க மனைவி என்ன செய்றாங்க?"

"நர்சிங் படிக்கிறாங்க."

ரிஸ்வானின் பேனா நின்றது. அவன் கையிலிருந்த தாளில் 'வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்' என்று இருந்தது. தேனரசியின் முகம் வெளுத்தது. சொன்னதோடு சொல்லாததையும் மூளை தானாகவே கலந்துகொள்ளத் தொடங்கினால், அது இன்னொரு சரிவின் தொடக்கமாக இருக்கலாம். "ஒருமுறை யோசிச்சுச் சொல்லுங்க ஐயா," என்றார் மெதுவாக. "படிக்க ஆசைப்பட்டாங்க, இல்லையா?"

"ஆசப்பட்டது அப்பங்க. நீங்க கேட்டது இப்ப என்ன பண்றாங்கன்னுதான?"

கதவு திறந்தது. ருக்குமணி மூச்சு வாங்க உள்ளே வந்தார். கையில் ஒரு புதுப் பை, கழுத்தில் கல்லூரியின் நாடாவில் தொங்கும் அடையாள அட்டை.

"மன்னிச்சுக்கங்க டாக்டரம்மா, மொத நாளு. சீக்கிரம் விடுவாங்கன்னு பாத்தேன், பேர் கூப்பிடவே நேரமாயிருச்சு."

ரிஸ்வான் தாளைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான்.

"நேத்து சாயங்காலம்தானுங்க தம்பி என்கிட்டயே சொன்னாங்க," என்றார் ஆறுச்சாமி. "உங்க பேப்பர்ல இன்னும் ஏறல போலிருக்குது. திருத்தி எழுதிக்குங்க."